ஸ்வெட்டருக்குக் கழித்த ஒரு கிலோ

பள்ளிக்கூடத்துத் தராசு பழுது என்றுதான் நான் முதலில் நம்பினேன். மனசுக்குள் நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். வீட்டு கேஸ் சிலிண்டரைத் திரீவீலில் ஏற்றிக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்க்கிற அளவுக்கு நம்பினேன்.

இத்தனைக்கும் நான் தராசு தெரியாத ஆள் இல்லை. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் இருபத்தொன்பது வருஷம் மாதா மாதம் பிள்ளைகளை நிறுத்து, கார்டில் புள்ளி வைத்தவன். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரே தராசு ஐயா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு வாங்கிக்கொண்டு தெமோதரைப் பக்கம் வீடு பார்த்து வந்துவிட்டேன். என் இடத்துக்கு வந்த தர்ஷிகா என்கிற பிள்ளை போன கிழமை போன் எடுத்தாள். முள் தராசு எல்லாம் போய் எண் ஒளிரும் தராசு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகும் ஒரு தாயும் நம்புகிறாள் இல்லையாம். மெலிந்த பிள்ளையின் அம்மா சண்டைக்கு வருகிறாள், குண்டுப் பிள்ளையின் அம்மா அதைவிடப் பெரிய சண்டைக்கு வருகிறாள். "நீங்க எப்படிங்க ஐயா சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, புதுசா வந்திருக்கிற புள்ளைங்களுக்கும் வாசிச்சுக் காட்டுறேன்" என்றாள்.

அவளுக்கு இந்தக் கதையின் முடிவு தெரியும். முடிவில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவளே அவள்தான். தெரிந்துகொண்டே கேட்கிறாள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

என் மகள் ஷெரினுக்குப் பத்து வயது. கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து, மாதம் முடியும் முன்னரே பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பிறந்தபோது ஒரு கிலோ தொள்ளாயிரம். போன வருஷம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரமும் நிறையும் பார்த்தார்கள். நாலு நாள் கழித்து அவளுடைய புத்தகப் பைக்குள் மடித்து மடித்து ஒளித்து வைத்திருந்த கடிதம் ஒன்றை ஸ்டெல்லா, அதாவது என் மனைவி, கண்டுபிடித்தாள். உங்கள் பிள்ளையின் நிறை உயரத்துக்கு உரியதை விட மிகவும் கூடுதலாக உள்ளது, பதுளைக் கிளினிக்குக்கு அடுத்த மாத முதல் வியாழக்கிழமை கூட்டி வரவும், பெற்றோர் கையொப்பம் இங்கே. ஒரு புள்ளிக்கோடு.

நான் சிரித்தேன். பிறகு வியர்த்தது. பிறகு மறுபடியும் சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "எந்தக் கண்ணால பாத்து எழுதினாங்களாம்? எலும்பும் தோலுமா இருக்கிற புள்ளைய" என்றாள். ஸ்டெல்லா நன்றாகத் தைப்பாள். அந்த வருஷம் மட்டும் ஷெரினின் வெள்ளைக் கவுனின் பக்கத் தையலை மூன்று தடவை பிரித்து விட்டுத் தைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் இப்போ வர்ற துணி ஒன்றும் சரியில்லை, தண்ணியில போட்டதும் சுருங்குது என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே தைப்பாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். அவளுக்குத் துணி, எனக்குத் தராசு. பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நாலாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில்தான் சிலிண்டர். புதிது, சீல் உடைக்காதது. வெறும் சிலிண்டரின் நிறை அதன் கழுத்திலேயே பொறித்திருக்கும், உள்ளே இருக்கும் கேஸின் நிறையும் தெரியும். இரண்டையும் கூட்டினால் சந்தேகமில்லாத ஒரு நிறை கையில் கிடைக்கும். தெரிந்த நிறையை வைத்துத் தெரியாத தராசைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். சொல்லித்தந்தவர் சிலிண்டரை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

பள்ளிக்கூடத்து அதிபர் டீச்சர் நல்ல மனுஷி. காரியாலயத்தின் மூலையில் இருந்த தராசை என்னிடம் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிலிண்டரை ஏற்றினேன். சரியாகக் காட்டியது. தரை சரிவாக இருக்கிறது டீச்சர் என்றேன். தராசைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்தேன். சரியாகக் காட்டியது. கதவுப் பக்கம் வைத்தேன். பிறகு வராந்தாவில் வைத்தேன். சிலிண்டரும் நானும் அந்தக் காரியாலயத்தைப் பிரதட்சணம் பண்ணி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, தராசு அதே எண்ணில் நின்றது.

"ஐயா, சிலிண்டர் சரியான நிறையில இருக்கு. அதுக்குக் கடிதம் வராது. ஷெரினோட கடிதத்துல எப்ப கையெழுத்துப் போடப் போறீங்க?" என்று கேட்டார்.

யோசிச்சுச் சொல்றேன் டீச்சர் என்றேன். திரும்பினால் ஜன்னலில் ஐந்தாம் வகுப்பு முழுவதும் நின்றது. ஷெரினும் நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

இப்படி ஒரு மடையன் எப்படி உருவாகிறான் என்று தெரிய வேண்டுமென்றால் கொழுந்து மடுவத்திலிருந்து தொடங்க வேண்டும். டிஸ்பென்சரிக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் நான் கொழுந்து நிறுக்கிற அந்த இடத்தில் பேர் போட்டவன், அதாவது ஆளுக்கு ஆள் கணக்கு எழுதினவன். பெண்கள் மலையிலிருந்து சாக்கோடு வந்து வரிசையில் நிற்பார்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஒன்று காட்டும், நான் வேறொன்றை எழுதுவேன். சாக்குக்கு ஒரு கழிவு, கொழுந்தில் இருக்கிற தண்ணிக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் இன்னும் ஒன்று. அந்தக் கழிவில்தான் அத்தனை சண்டையும். முள்ளைப் பார்த்து அப்படியே எழுதும் பழக்கமே எனக்கு வரவில்லை. தராசு ஒன்று சொல்லும், நாம் கொஞ்சம் கழிக்க வேண்டும், அதுதான் நிறை என்று கை பழகிவிட்டது. இன்னொன்றும் அங்கே படித்தேன். ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு, அதற்கு மேலே எடுத்தால் மேலதிகச் சம்பளம். எங்கள் மலையில் நிறை கூடிப் போனதற்காக யாரும் யாரையும் திட்டினதாகச் சரித்திரமே இல்லை.

அப்புறம் ஒரு ஆறு கிழமைப் பயிற்சி, ஒரு சான்றிதழ், டிஸ்பென்சரி. அங்கே பொறுப்பில் இருந்தவர் சிவகுரு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், ஒடிசலான உயரமான ஆள், வெள்ளைக் காற்சட்டை. எங்கள் மலைக்குளிரிலும் ஸ்வெட்டர் போடாமல் நடுங்கிக்கொண்டே வேலை பார்ப்பார். கை மறைந்தால் வேலை மறைந்துபோகுமாம். எல்லாரையும் 'காணும்' என்றுதான் கூப்பிடுவார், தோட்டத்துத் துரையைத் தவிர.

பிள்ளைகளை நிறுக்கும் நாளில் அவர் செய்கிறது பூசை மாதிரி இருக்கும். வராந்தா வளைமரத்தில் முள் தராசைத் தொங்கவிடுவார். ஐந்து கிலோ இரும்புக்கல் ஒன்று வைத்திருந்தார். அதைத் துணியால் துடைத்து மாட்டுவார். முள் ஐந்தில் நின்றால்தான் வேலை தொடங்கும், மயிரிழை தள்ளி நின்றாலும் திருகாணியைத் திருப்பி மறுபடி கல். பிறகு பிள்ளை. ஸ்வெட்டர் கழற்று, தொப்பி கழற்று, காலுறை கழற்று, வளையல் கழற்று. கால் நுழைக்கிற ஓட்டை வைத்த துணிக் காற்சட்டையில் போட்டு மாட்டு. அழுதால் அழுது முடியும் வரை நில். கண் முள்ளுக்கு நேராக இருக்க வேண்டும். அவர் உயரம், குனிந்து பார்ப்பார். நான் குள்ளம், எனக்கு ஒரு பால்மாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். முள் நின்றதும் சத்தமாகச் சொல், எழுது, கார்டில் புள்ளி வை. எழுதி முடிக்கும் வரை தாயின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

அந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் பார்த்துவிட்டேன். மூன்றாவது மாதமாகப் பிள்ளை ஏறவேயில்லை, தாய் அழுதுகொண்டு நின்றாள். நான் பாவம் பார்த்து இருநூறு கிராம் கூட்டி எழுதினேன். சிவகுரு ஐயா மறுபக்கம் மருந்து கட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கவில்லை.

"பிள்ளையைத் திருப்பி மாட்டும்" என்றார்.

மாட்டினேன்.

"முள்ளு எங்கை நிக்குது?"

சொன்னேன்.

"அது பிள்ளையின்ரை நிறை, காணும். உமக்கு அதிலை பங்கில்லை. வெட்டிப்போட்டு எழுதும்."

வரிசையில் முப்பது பெண்கள் நின்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அவருடைய தேத்தண்ணியில் உப்புப் போட்டேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தார். அவர் ஆறு வருஷத்தில் ஓய்வு வாங்கிப் போனார். இரும்புக்கல்லை எனக்கு விட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறின அடுத்த மாதமே நான் கல்லை அலுமாரிக்கு அடியில் தள்ளினேன். எங்கள் பக்கத்து மூடுபனி காலை பதினொரு மணிக்கும் விலகாது. ஸ்வெட்டரைக் கழற்று என்றால் தாய்மார் என்னைக் கழற்றிவிடுவார்கள். சளி பிடிச்சா நீங்களா தூக்கிட்டு அலைவீங்க என்பார்கள். கழிவு என்கிற ஆயுதம்தான் ஏற்கனவே கையில் இருக்கிறதே. சரி, அப்படியே இருக்கட்டும், ஸ்வெட்டருக்கு அரைக் கிலோ கழிச்சுக்கிறேன் என்றேன். வளர்ந்த பிள்ளைகளுக்கு, தொப்பி சப்பாத்து எல்லாம் சேர்த்து, ஒரு கிலோ. மலையில் கழித்தால் சண்டைக்கு வருகிற அதே பெண்கள், இங்கே கழித்தால் புண்ணியவான் என்றார்கள். வரிசை வேகமாக நகர்ந்தது. நானும் நேரத்தோடு வீட்டுக்குப் போனேன்.

தாய்மார் நிறையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். மெலிந்த பிள்ளை என்றால், அது அவங்கப்பன் வாகு ஐயா. குண்டுப் பிள்ளை என்றால், அது தண்ணி உடம்பு ஐயா, வீங்கின மாதிரி தெரியும், உள்ளே ஒண்ணும் இல்லை. நிறையைச் சத்தமா சொல்லாதீங்க, பக்கத்தில நிக்கிறவ கண்ணு பொல்லாதது. கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, கழுத்தில் ஒரு தாயத்து, இடுப்பில் மூன்று மடிப்பு, எளைச்சுப் போயிட்டான் ஐயா ஏதாச்சும் டொனிக் குடுங்க. அப்பாமார் வந்தால் ஒரே பாட்டு, வளர்ற வயசு. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆள் கூட என்னிடம் வந்து என் பிள்ளை குண்டு என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை குண்டு என்று சொல்ல மட்டும் ஒரு பட்டாளமே வந்தது.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் செல்வராணி வந்து சேர்ந்தாள்.

செல்வராணி கீழ்லயத்துப் பெண். மலையில் அவளை மிஞ்சிக் கொழுந்து எடுக்க ஆளில்லை. புருஷன் கொழும்பில் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். மூத்தவன் ரொஷான் பிறந்ததிலிருந்தே மெலிவு. கார்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டைகள் இருக்கும். சிவப்பு ஆபத்து, பச்சை நல்லது, பச்சைக்கு மேலேயும் ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டினால் நிறை அதிகம். அந்த மேல்கோட்டை எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டுகொண்டதில்லை, நானும் சேர்த்து. ரொஷான் இரண்டு வயது வரை சிவப்பிலேயே கிடந்தான். நானும் மாதம் தவறாமல் அவளைத் திட்டினேன். ஒரு நாள் முழு வரிசைக்கும் கேட்கிற மாதிரி, கொழுந்து நிறை கூடணும்னா ஓடுற, புள்ள நிறை கூட வேணாமா என்று கேட்டேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்துத்தான் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அவள் பிள்ளையைத் தோளில் தொட்டிலாகக் கட்டிய படங்குத் துணிக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த மாதத்திலிருந்து ரொஷான் ஏறினான். சத்துமா கரைத்துக் கொடுத்தாள், சோற்றில் மாஜரின் போட்டுப் பிசைந்தாள், புருஷன் கொழும்பிலிருந்து பிஸ்கட்டும் சோடாவும் சொசேஜும் பையாகக் கொண்டுவந்தான். மஞ்சளுக்கு வந்தபோது நான் கைதட்டினேன். பச்சைக்கு வந்தபோது பிள்ளைக்காம்பரா, அதுதான் தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம், அங்கே இருந்த ஆயாமாருக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். வருஷ விழாவில் கொழுகொழுப் பிள்ளைப் போட்டி வைத்து ரொஷானுக்கே முதல் பரிசு கொடுத்தோம். பரிசு ஒரு பெரிய டின் பால்மா. இதை எழுதும்போதே என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நாலு வயதில் அவன் மேல்கோட்டைத் தொட்டான். நான் ஸ்வெட்டருக்கு ஒரு கிலோ கழித்தேன். புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது. அடுத்த மாதம் ஸ்வெட்டரோடு சப்பாத்துக்கும் சேர்த்துக் கழித்தேன், மறுபடி கீழே. அடுத்த மாதம் ஸ்வெட்டர் தடிப்பானது என்று பட்டது. ஒன்றே ஒன்றுக்குப் பயந்துதான் இத்தனையும். சிவப்பில் கிடந்த பிள்ளையைத் தூக்கிவிட்டவன் நான் என்று எனக்கொரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்கு மேல்கோட்டில் இடமில்லை.

முதலாம் வகுப்பில் சேர்ந்த பிறகு, கீழ்லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற படியில் ரொஷான் மூன்று இடத்தில் உட்கார்ந்தான். வகுப்பில் தூங்கினான். குறட்டை விடுகிறான், நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று செல்வராணி பயந்துபோய்ப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டொக்டர் கார்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். மேல்கோட்டுக்குக் கீழே, அடிமட்டம் வைத்து வரைந்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள். பிறகு பிள்ளையைத் தராசில் ஏற்றியிருக்கிறார். போன மாதம் நான் எழுதினதை விட மூன்று கிலோ கூட. யார் நிறுத்தது என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் அவள் மலைக்குப் போகாமல் டிஸ்பென்சரிக்கு வந்தாள். கார்டை மேசையில் வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஏதாவது பகிடி சொல்லித் தப்பித்திருப்பேன்.

"ஐயா, புள்ள சிவப்புல இருக்கப்போ குடு குடுன்னீங்க. குடுத்தேன்" என்றாள். "போதும்னு எப்பங்க சொன்னீங்க?"

என் வாய் சும்மா இருக்குமா. ஸ்வெட்டர் கனம், அதனால என்று ஏதோ தொடங்கினேன்.

"அந்த ஸ்வெட்டர் மூணு கிலோவாங்க?"

கழித்துத்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். அவள் கார்டின் புள்ளிகள் மேல் விரலை வைத்து இழுத்தாள்.

"மலையில எங்க கொழுந்தைக் கழிக்கிறீங்க. இங்கயும் கழிச்சீங்களா" என்றாள். கேள்வியாக இல்லை. கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே அலுமாரிக்கு அடியிலிருந்து இரும்புக்கல்லை இழுத்தேன். கரப்பான்பூச்சியும் கூட வந்தது. பின்னறையை மூடி, விறகு அடுப்பு ஒன்று வைத்துச் சூடாக்கி, பிள்ளைகளை அங்கே கழற்றச் சொன்னேன். தாய்மார் சண்டை பிடித்தார்கள், பிடிக்கட்டும் என்று விட்டேன். ரொஷானைப் பட்டினி போடச் சொல்லி டொக்டர் சொல்லவில்லை. சோடாவையும் பிஸ்கட்டையும் நிறுத்து, ஓடி விளையாட விடு, நிறை அப்படியே நிற்கட்டும், உயரம் வளர்ந்து வந்து அதைப் பிடிக்கும் என்றிருக்கிறார். செல்வராணி அதையும் செய்தாள், கொழுந்து எடுக்கிற மாதிரி விடாமல். புருஷன் கொண்டுவந்த பையை வாசலிலேயே வாங்கி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தாளாம். மாதா மாதம் கொண்டுவந்து நிறுத்தினாள், நான் முள்ளைப் பார்த்ததை அப்படியே எழுதினேன். இரண்டு வருஷம் ஆனது. ஒரு நாள் ரொஷான் படியில் எங்கேயும் உட்காராமல் ஏறி வந்து டிஸ்பென்சரி வாசலில் நின்றான். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் கார்டை என் கையில் கொடுத்தாள், மேசையில் வைக்கவில்லை.

நான் பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறு தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். தாய்மார் தங்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை, தங்கள் பயத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அதே வருஷங்களில் என் வீட்டில் ஷெரின் வளர்ந்தாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை நீளத்துக்குக் கிடந்த பிள்ளை. அவளுடைய கார்டிலும் முதல் புள்ளி சிவப்பில்தான். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது அவளுக்கு ஏதாவது வாங்கி வராமல் வந்ததில்லை. ரோல்ஸ், கேக், சொக்லேட். ஐந்து வயதுக்குப் பிறகு நான் அவளை நிறுக்கவேயில்லை. ஊர்ப் பிள்ளைகளை நிறுத்துக் கை அலுத்துப்போச்சு என்று ஸ்டெல்லாவிடம் சொல்வேன்.

இனிச் சிலிண்டருக்குப் பிறகு நடந்தது. கடிதம் அலுமாரியில் கிடந்தது, வியாழக்கிழமை நெருங்கியது. கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. சிலிண்டர் என்ன, அது இரும்பு, பிள்ளை வேறு என்று ஒரு தத்துவம் பேசினேன். கடைசியில் சனிக்கிழமை கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டு, ஷெரினைக் கூட்டிக்கொண்டு பழைய டிஸ்பென்சரிக்கே புறப்பட்டேன். என் தராசு, என் கல். எனக்கு வேண்டியபடி பேசுகிற ஒரு தராசு உலகத்தில் எங்கேயாவது இருக்கும் என்றால் அது அங்கேதான்.

பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கால் தானாகப் பேக்கரிக்குப் போனது. மீன் வைத்த மாலு பாண் இரண்டு வாங்கினேன்.

"அப்பா, நிறுத்துட்டு அப்புறம் சாப்பிடுறேனே" என்றாள் ஷெரின்.

வெறும் வயிற்றோடு போனால் தராசு தப்பாகக் காட்டும் என்று சொன்னேன். இருபத்தொன்பது வருஷ அனுபவம் பேசுகிறதல்லவா. பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

நாங்கள் பூனாகலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் முடிந்திருந்தது. தர்ஷிகா கதவைச் சாத்தப் போனவள், என்னைக் கண்டதும் திறந்தாள். சுவரோர வாங்குப் பலகையில் ஒரே ஒரு பெண் மருந்துக்குக் காத்திருந்தாள், மடியில் கைப்பிள்ளை. செல்வராணி. இளையவளுக்குச் சளி. வேறு எந்தச் சனிக்கிழமையாவது வந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் அழுதேன்.

என் முள் தராசு இருந்த இடத்தில் எண் ஒளிரும் புதுத் தராசு இருந்தது. அதில் முதலில் இரும்புக்கல்லை வைக்கச் சொன்னேன். ஐந்து காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். ஐந்து. தர்ஷிகா ஷெரினிடம் ஸ்வெட்டரையும் சப்பாத்தையும் கழற்றச் சொன்னாள்.

"குளிருதும்மா, போட்டுக்கிட்டே ஏறட்டும்" என்றேன். "ஸ்வெட்டருக்கு ஒரு கிலோ கழிச்சுக்கலாம். வர்ற வழியில மாலு பாண் வேற சாப்பிட்டா, அதுக்கும் கொஞ்சம்."

தர்ஷிகா என்னைப் பார்த்தாள். வாங்கிலிருந்து செல்வராணி பேசினாள். குரலைக் கூட உயர்த்தவில்லை.

"ஐயா, எம்புள்ளைக்குக் கழிச்சது போதும்ங்க. ஒங்க புள்ளைக்காச்சும் கழிக்காதீங்க."

பிள்ளை ஏறுகிற தராசை விட்டு நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை.

ஷெரின் தானாகவே ஸ்வெட்டரைக் கழற்றினாள். மடித்துச் செல்வராணிக்குப் பக்கத்தில் வைத்தாள். சப்பாத்தைக் கழற்றி வாங்குக்கு அடியில் தள்ளினாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"அப்பா, நம்ம பள்ளிக்கூடத்துப் படியில நான் மூணு தடவ நின்னு நின்னுதான் ஏறுறேன். நீங்க கேட்டதே இல்ல."

தராசில் ஏறி நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் யாருக்கும் காட்டவில்லை. எண் நிற்கும் வரை காத்திருந்தேன். தர்ஷிகா பேனையை என் பக்கம் நீட்டினாள்.

பள்ளிக்கூடத்துத் தராசு நாற்பத்தேழு கிலோ காட்டியிருந்தது. எங்கள் தராசு நாற்பத்தேழு கிலோ இருநூறு கிராம் காட்டியது. அந்த இருநூறு கிராம் நான் வாங்கிக் கொடுத்த மாலு பாண். அதையும் கழிக்காமல் எழுதினேன். கடிதத்தை எடுத்துப் புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வியாழக்கிழமை ஷெரினைப் பதுளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.